மருந்துக்கடைக் கட்டடத்தின் புதுக் கதவு

கூட்டம் மாலை ஆறு மணிக்கு. மேயர் ராய்ஸ் ஹாட்லாக் இரண்டேகால் மணிக்கே ஓடிலியா கிரெனெக்கின் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டான். நகரச் செயலராக அவள் இருந்த பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கதவு சாத்தப்பட்டது இது மூன்றாவது தடவையாக இருக்கும்.

"நாலு வரி அடிச்சுக் குடு, ஓடி. ஏழாவது தீர்மானத்துக்கு ஒரு குறிப்பு வேணும்," என்றான். "சட்டம் வந்த நாள்லேர்ந்து முகப்பை மாத்தின யாருக்கும் விதிவிலக்கு தந்ததில்ல, இப்படிக்கு நகரச் செயலர். அவ்வளவுதான்."

ஓடிலியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "அப்ப ஹோட்டல்?"

"எந்த ஹோட்டல்?"

"தெரியாத மாதிரி பேசாத ராய்ஸ்."

அவன் சிரித்தான். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து மாறாத சிரிப்பு. மூன்று தேர்தலை அவன் ஜெயித்ததே அந்தச் சிரிப்பால்தான் என்று ஊரில் சொல்வார்கள். "அது வெறும் கடுதாசி. விதிவிலக்குன்னா கவுன்சில் உக்காந்து ஓட்டுப் போடணும். ஓட்டே போடலன்னா விதிவிலக்கே தரலன்னுதானே அர்த்தம்? நீதான் சட்டப் புஸ்தகம் படிக்கிறவ, நீயே சொல்லு."

டெக்சஸில் ப்ரெண்டல் மாதிரிச் சின்ன நகரங்களுக்குச் சொத்து என்று இருப்பது நீதிமன்றச் சதுக்கமும் அதைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக்கல் கட்டடங்களும்தான். அவை பாழாகாமல் இருக்க நகரம் ஒரு சட்டம் போட்டிருந்தது. தெருவைப் பார்த்த சுவர்களை அந்தக் காலத்தில் இருந்தபடியே காப்பாற்றுகிறவருக்கு நகர வரியில் பாதி தள்ளுபடி. கவுன்சில் அனுமதியில்லாமல் சுவரில் கை வைத்தால் தள்ளுபடி போய்விடும். அதற்கு முன் ஐந்து வருஷம் அனுபவித்ததையும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஆஸ்டினிலிருந்து வந்த ஒரு கம்பெனி, மூடிக்கிடந்த ப்ரெண்டல் ஹோட்டலைத் திறந்தது. திறக்கிற அவசரத்தில் தெருப்பக்கத்து மர ஜன்னல்கள் பதினொன்றையும் பிடுங்கிக் குப்பைமேட்டில் போட்டுவிட்டு அலுமினிய ஜன்னல்கள் வைத்தார்கள். ராய்ஸ் அதைக் கவுன்சிலுக்குக் கொண்டுபோகவில்லை. 'இந்த மாற்றத்துக்கு விலக்கு அளிக்கப்படுகிறது, சலுகை தொடரும்' என்று தானே ஒரு கடிதம் எழுதி ஓடிலியாவிடம் கொண்டுவந்தான். "சும்மா சம்பிரதாயம்," என்றான். அவள் சாட்சிக் கையெழுத்துப் போட்டு நகர முத்திரையைக் குத்தினாள். அன்றைக்கும் கதவு சாத்தியிருந்தது.

இன்றைய ஏழாவது தீர்மானம் ஹார்டென்சியா வில்லல்பாண்டோவின் சலுகையை ரத்து செய்வது பற்றி. சதுக்கத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பழைய மருந்துக்கடைக் கட்டடம் அவளுடையது. முன்பக்கம் சலவைக்கடையும் தையலும், பின்னறைகளில் குடித்தனம். போன குளிர்காலத்தில் அவள் கணவன் ரெய்முண்டோவைப் பக்கவாதம் சாய்த்துச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. முன்வாசலில் மூன்று கற்படிகள். ஆகவே அவள் பக்கத்துத் தெருவைப் பார்த்த ஒரு ஜன்னலை எடுத்து, சுவரைத் தரைவரை திறந்து, அகலமாக ஒரு கதவு வைத்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டுச் செய்கிற வழக்கமே அவளிடம் கிடையாது.

"அந்தப் பொம்பளைக்காகவா நீ யோசிக்கிற?" என்றான் ராய்ஸ். "கூட்டத்துல நிக்க வெச்சு உன்னை வாங்கு வாங்குன்னு வாங்கினாளே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் கூட்டக் குறிப்பில் அவள் பேரை ஓடிலியா மூன்று இடத்தில் தப்பாக எழுதிவிட்டாள். ஹார்டென்சியா எழுந்து நின்று, "உங்க அண்டை வீட்டுக்காரங்க பேரெல்லாம் ஒரு எழுத்துக்கூட பிசகாம வருதே, என் பேர் மட்டும் எப்படிப் பிசகுது?" என்று கேட்டு, திருத்தத்தை எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்க வைத்தாள்.

"ஹோட்டல்காரங்க இன்னும் நாப்பது அறை கட்டப் போறாங்க. வண்டி நிறுத்த அவ கட்டடத்துக்குப் பின்னால இருக்கிற மனை வேணும். நல்ல விலைதான் சொன்னாங்க. துடைப்பத்தைத் தூக்கிட்டு வந்தா. பழைய வரியையும் கட்டணும்னு வந்தா வித்துடுவா. நாப்பது அறைன்னா இருபது முப்பது பேருக்கு வேலை ஓடி. நம்ம பிள்ளைங்க யாராவது இந்த ஊர்ல தங்குதா?"

அதை அவன் மனதாரத்தான் சொன்னான். ராய்ஸிடம் கஷ்டமே அதுதான். பொய் சொன்னாலும் ஊருக்காகத்தான் சொல்வான்.

கதவுப்பிடியில் கை வைத்தவன் திரும்பினான். "லெனர்டுக்கு ஆபரேஷன் என்னிக்கு?"

"ஆகஸ்ட் பத்தொம்போது."

"நல்லபடியா நடக்கும். நம்ம நகராட்சி இன்ஷூரன்ஸ் மாதிரி எங்கயும் கிடையாது."

அவன் சொன்னது ஆறுதலா மிரட்டலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருவேளை அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். அவள் கணவன் லெனர்டின் இதய வால்வு, அவளுக்கு வேலை இருந்தால்தான் இருக்கும் அந்த இன்ஷூரன்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது. அது மட்டும் நிச்சயம். குறிப்பை அடித்தாள். நாலு வரிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டு, உறுப்பினர்களுக்குப் போகும் கட்டுகளில் மூன்றாம் பக்கமாகச் செருகினாள்.

மூன்றரை மணிக்கு ஹார்டென்சியா கவுன்டருக்கு வந்தாள். கழுத்தில் தையல் நாடா தொங்கியது. வெளியே வெயில் நூற்றிரண்டு டிகிரி, நடந்தே வந்திருந்தாள்.

"இந்தச் சட்டம் வந்ததிலேர்ந்து யார் யாருக்குச் சலுகை குடுத்தீங்க, யார் யார் சுவத்தை மாத்தினாங்க, எல்லாக் காகிதமும் பாக்கணும்," என்று எழுதிய மனுவை நீட்டினாள்.

"வாங்கிக்கறேன். பதில் தர பத்து வேலை நாள் அவகாசம் இருக்கு."

"கூட்டம் இன்னிக்குச் சாயங்காலம்."

"தெரியும், மிஸஸ் வில்லல்பாண்டோ."

"தெரியாமலா இருக்கும். பத்து நாள் கழிச்சு வந்து வாங்கிட்டுப் போய் நான் அதுல பொட்டலம் கட்டவா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அந்த ரூமுக்குள்ளதான இருக்கு? எழுந்து போனா இருபது அடி. உனக்கு முட்டி வலியா?"

"சட்டப்படி..."

"ஆமா, சட்டப்படி. என் வீட்டுக்காரர் ஆறு மாசமா ரெண்டு பையன்களைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லித்தான் படி இறங்கினார். ஒரு நாள் கீழ போட்டுட்டானுங்க. அதுக்கு எந்தச் சட்டம்னு பாத்து வை."

மனுவில் தேதி முத்திரை குத்தச் சொல்லி, நகலை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு போனாள். அவளைப் பிடிக்காமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று நினைத்தபடியே ஓடிலியா பதிவேட்டு அறைக்குள் போனாள். இருபது அடிகூட இல்லை. ஹோட்டல் ஃபைலை உருவினாள். கடிதத்தின் அடியில் ராய்ஸின் கையெழுத்து கோழி கிறுக்கினதுபோல. அதற்குக் கீழே அவளுடையது, பள்ளிக்கூட வாத்தியார் மெச்சும்படி, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. அதன்மேல் புடைத்துக்கொண்டு நின்ற முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். திரும்ப வைக்கத்தான் நினைத்தாள். ஆனால் ஆறு மணிக்குக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கூட்ட அறைக்குப் போனபோது, அந்த ஃபைலும் அதற்கு அடியில் இருந்தது.

ஐந்து உறுப்பினர்களில் ஒருவர் கால்வெஸ்டனுக்கு மீன்பிடிக்கப் போயிருந்தார். மீதி நாலு பேர். சமமாகப் பிரிந்தால் மட்டும் மேயர் வாக்குப் போடலாம். இரண்டுக்கு இரண்டு என்று ராய்ஸ் ஏற்கெனவே எண்ணி வைத்திருப்பான். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் டில்மன் ஓட்ஸும் அவருக்குப் பக்கத்தில் இருப்பவரும் ஹார்டென்சியாவுக்கு இரங்குவார்கள். பெர்னிஸ் கோஃபோர்த் இரங்கமாட்டாள். பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவை இருபது வருஷமாக நடத்துகிறவள் அவள். தன் சொந்தத் தங்கை வேலிக்கு வெள்ளை பெயின்ட் அடித்ததற்கே புகார் எழுதியவள். நாலாமவர் எப்போதும் மேயர் பக்கம்.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். கடிகாரம் ஓடிலியாவின் கையில். சிவப்பு எண்கள் சுவரில் எல்லாருக்கும் தெரியும். ஹார்டென்சியா இரண்டே நிமிஷத்தில் பேசி முடித்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. "கேக்காம செஞ்சேன். கேட்டிருந்தா ஆறு மாசம் இழுத்திருப்பீங்க," என்றாள். பெர்னிஸின் உதடு இறுகியதை ஓடிலியா பார்த்தாள்.

பிறகு சக்கர நாற்காலி முன்னால் வந்தது. ரெய்முண்டோ கொத்தனார். சதுக்கத்தில் பாதிக் கட்டடங்களுக்குப் பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரை பூசியவன் அவன்தான். இப்போது ஒரு பக்கத்து வாய் திறக்கவில்லை.

"நான்..." என்றான். ஓடிலியா பொத்தானை அழுத்தினாள். எண்கள் இறங்கத் தொடங்கின.

"நான்... அந்தச் சுவரை... ரெண்டு தடவை... பூசினேன்." ஒவ்வொரு சொல்லுக்கும் தொண்டையிலிருந்து எதையோ இழுத்துக் கொண்டுவருவதுபோல இருந்தது. ஹார்டென்சியா அவனுக்கு எடுத்துக்கொடுக்கவில்லை. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கதவு... நான்தான்... வரைஞ்சேன். அவளுக்கு... ஒண்ணும்... தெரியாது. கல்லு..."

முப்பத்தைந்து வினாடி பாக்கி.

"கல்லு... ஒண்ணுகூட... உடைக்க..."

ரெய்முண்டோவின் நல்ல கை, நாற்காலிப் பிடியைக் குத்திக்கொண்டிருந்தது. "உடைக்க... விடல. எல்லாத்துலயும்..."

மணி அடித்தது.

"நன்றி, ரெய்," என்றான் ராய்ஸ், உண்மையான கனிவோடு. "நேரம் முடிஞ்சுடுச்சு."

"முடிக்க விடுங்க மேயர்," என்றார் ஓட்ஸ்.

"எனக்கும் ஆசைதான் டாக்டர். ஆனா இன்னிக்கு இவருக்கு விட்டா நாளைக்கு எல்லாருக்கும் விடணும். விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே."

ஓடிலியா குறிப்பேட்டில் அதை எழுதினாள். 'விதி எல்லாருக்கும்' என்பது வரை எழுதிய பேனா நின்றுவிட்டது.

நாலாமவர் ரத்துத் தீர்மானத்தை முன்மொழிந்தார். பெர்னிஸ் வழிமொழிந்தாள். ஓட்ஸ் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். "எனக்கு ஒரு சந்தேகம். இதுக்கு முன்னால யாருக்காவது விட்டுக் குடுத்திருக்கோமா? குடுத்திருந்தா நான் பேசறதுக்கு வழி இருக்கு. இல்லன்னா இல்ல."

"செயலர் குறிப்புல இருக்கே டாக்டர். ஒருத்தருக்கும் இல்ல." ராய்ஸ் அவள் பக்கம் திரும்பினான். அதே சிரிப்பு. "சரிதானே ஓடி?"

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொல்லக்கூட வேண்டாம், தலையாட்டினால் போதும். லெனர்ட் வீட்டில் சாய்வு நாற்காலியில் கால்களை உயர்த்தி வைத்துக்கொண்டு இருப்பான். படியேறினால் உதடு நீலமாகிவிடுவதை அவளிடம் சொல்லாமல் மறைப்பதாக நினைத்துக்கொண்டிருப்பான். அவள் அவனைத்தான் நினைத்தாள். நினைத்தபடியே வாய் திறந்தது.

"இல்ல மேயர். அந்தக் குறிப்பு தப்பு."

ராய்ஸின் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அதிலிருந்து உயிர் மட்டும் போயிற்று. "ஓடி, நாம அப்புறம்..."

"மத்தியானம் நான்தான் எழுதினேன். தப்புன்னு தெரிஞ்சேதான் எழுதினேன்." குறிப்பேட்டுக்கு அடியிலிருந்து ஃபைலை எடுத்தாள். "மூணு வருஷத்துக்கு முன்னால ஹோட்டல்ல பதினோரு ஜன்னல் மாத்தினாங்க. அதுக்கு விலக்கு குடுத்து ஒரு கடுதாசி இருக்கு. கவுன்சிலுக்கு வரல. மேயர் கையெழுத்து. சாட்சி நான். முத்திரையும் நான் போட்டதுதான்."

கடிதத்தை முழுதாகப் படித்தாள். தேதியை, மேயர் பேரை, தன் பேரை. பின்வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

முதலில் பேசியது பெர்னிஸ். "அந்த ஜன்னல்கள் எங்க?"

"குப்பைமேட்டுல," என்றாள் ஓடிலியா.

"ஆயிரத்தெண்ணூத்துத் தொண்ணூத்தி நாலாம் வருஷத்து சைப்ரஸ் மரம். கம்பெனி மரத்தை இழைச்சு அப்படியே வெச்சிருக்குன்னு இந்த அறையில உக்காந்து என்கிட்ட சொன்னீங்க ராய்ஸ். நான் தெருவிலேர்ந்து பாத்துட்டு, கண்ணு மங்கிப்போச்சு போலன்னு நினைச்சேன்." அவள் சக்கர நாற்காலியைப் பார்த்தாள். "மிஸ்டர் வில்லல்பாண்டோ, நீங்க பேசினது முடியல. இப்ப கேள்வி கேக்கறது நான். கேள்விக்குப் பதில் சொல்ல மணி கிடையாது. கல்லெல்லாத்துலயும் என்ன?"

"நம்பர்," என்றான் ரெய்முண்டோ. மூச்சு வாங்கினான். "நம்பர்... போட்டு... பின்கட்டுல... அடுக்கியிருக்கு. ஜன்னல்... சட்டமும். நான் போனப்புறம்... கதவை எடுத்துட்டு... திரும்ப வெச்சா... தெரியாது. எங்க எதுன்னு... படம் இருக்கு."

பெர்னிஸ் தன் முன்னால் இருந்த காகிதக் கட்டை மூடினாள். பிறகு, "எனக்கு அந்தக் கதவு பிடிக்கல. இப்பவும் பிடிக்கல. கேக்காம செஞ்சதும் தப்பு," என்றாள். "ஆனா ஒருத்தர் கல்லை எண்ணி வெச்சிருக்கார், இன்னொருத்தர் ஜன்னலைக் குப்பையில போட்டிருக்கார். குப்பையில போட்டவருக்குச் சலுகை, எண்ணி வெச்சவருக்குத் தண்டனைன்னா நான் இருபது வருஷமா என்னத்தைக் காப்பாத்தினேன்? என் வழிமொழிவைத் திரும்ப வாங்கிக்கறேன்."

வழிமொழிய ஆளில்லாமல் தீர்மானம் விழுந்தது. கதவு விஷயமும் ஹோட்டல் விஷயமும் இரண்டு வாரம் கழித்துச் சேர்ந்து வரவேண்டும் என்று ஓட்ஸ் கேட்டார், மூன்றுக்கு ஒன்று என்ற வாக்கில் அது நிறைவேறியது. ஹார்டென்சியா ஓடிலியாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அறை காலியான பிறகும் ராய்ஸ் தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே ஓடி. நாப்பத்தஞ்சு வருஷப் பழக்கம்."

"சொல்லியிருந்தா நீ பேசியிருப்ப. நீ பேசினா நான் கேட்டுடுவேன்." அவள் மைக்கின் வயரைச் சுருட்டினாள். "ரெண்டு தடவை கேட்டுட்டேன்."

"பொய்க் குறிப்பு எழுதினது நீ. உன் வேலை போகும்னு தெரியுமா?"

"தெரியும்."

"நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம் ராய்ஸ்."

வீட்டுக்கு வந்து லெனர்டிடம் சொன்னாள். அவன் சாய்வு நாற்காலியிலிருந்து கால்களைக் கீழே இறக்கினான். "எனக்காகவா மத்தியானம் எழுதின?" என்று கேட்டான். "இனிமே எனக்காக அந்த மாதிரி எதுவும் எழுதாத," என்றான். அதற்குமேல் அதைப் பற்றி அவன் பேசவே இல்லை. ஆனால் அந்த இரண்டு வாரமும் அவன் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளும் விழித்துத்தானே கிடந்தாள்.

அடுத்த கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலின் கடைசியில் அவள் பேர் இருந்தது. ஊழியர் பற்றிய விசாரணையைக் கதவைச் சாத்திக்கொண்டு நடத்தலாம். திறந்த அறையில் நடத்தும்படி கேட்க ஊழியருக்கு உரிமை உண்டு. அவள் கேட்டாள். குறிப்பெடுக்க உதவிச் செயலர் உட்கார்ந்தாள். ஓடிலியா முதன்முறையாக எதிர்ப்பக்கத்து நாற்காலியில், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் விசாரணைக்கு முன் வந்த விஷயங்கள் சீக்கிரம் முடிந்தன. மருந்துக்கடைக் கட்டடத்துக் கதவுக்கு, கற்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விதிவிலக்கு, ஐந்தும் ஆதரவு. ஹோட்டல் மூன்று வருஷத் தள்ளுபடியைத் திருப்பிக் கட்ட வேண்டும், மர ஜன்னல் மறுபடி வைத்தால்தான் இனிச் சலுகை. அது மூன்றுக்கு இரண்டு. நாற்பது அறைத் திட்டத்தை யோசித்துச் சொல்வதாகக் கம்பெனியின் வக்கீல் சொல்லிவிட்டுப் போனார். முப்பது வேலை போச்சு என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்ததை ஓடிலியா கேட்டாள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அவள் விஷயத்தில் பேச ஒருவர் மட்டுமே பேர் கொடுத்திருந்தார். ஹார்டென்சியா.

"இந்தம்மாவை எனக்குப் பிடிக்காது," என்று ஆரம்பித்தாள். "பக்கத்து ரூம்ல இருந்த காகிதத்தைப் பத்து நாள் கழிச்சுத் தரேன்னாங்க. அன்னிக்கே குடுத்திருந்தா என் வீட்டுக்காரர் அத்தனை பேர் முன்னால திணறியிருக்க வேண்டாம். அதை நான் மன்னிக்கல. ஆனா தப்பு செஞ்சேன்னு இந்த அறையில ஒருத்தர் சொல்லி நான் கேட்டது அன்னிக்குத்தான். வேலையை விட்டு எடுத்தீங்கன்னா, அடுத்து வர்றவ வாயைத் திறக்கவே மாட்டா. அதுதான் உங்களுக்கு வேணும்னா எடுங்க."

நேரம் பாக்கி இருந்தது. அவள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வேலை நீக்கத்துக்கு ஆதரவு இரண்டு, எதிர்ப்பு மூன்று. அதற்குப் பதிலாக எழுத்தில் கண்டனம், ஒரு மாதம் சம்பளமில்லாத விடுப்பு. சமமாகப் பிரியாததால் மேயருக்கு வாக்கு இல்லை. ராய்ஸ் முடிவை ஒரே குரலில் படித்தான். அவள் பேர் வந்த இடத்தில் மட்டும் ஒரு கணம் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டான்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. லெனர்ட் வண்டியை நிழலில் போட்டுக்கொண்டு காத்திருந்தான். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு?"

"இருக்கு. வேலை இருக்கு. இன்ஷூரன்ஸும் இருக்கு."

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவள் அவன் முதுகில் கையை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகரக் கட்டடத்துப் படிகளில் பெர்னிஸும் ஓட்ஸும் எதையோ வாதாடிக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக வந்த ராய்ஸ், அவர்கள் வண்டியைப் பார்த்தான். கையைத் தூக்கப் போகிறவன்போலத் தெரிந்தது. தூக்கவில்லை. தன் வண்டியை நோக்கி நடந்தான்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டான் லெனர்ட்.

"காலையிலேர்ந்து இல்ல."

"எனக்கும் பசிக்குது," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினான்.